ஐந்து விரல் இலை

சந்தாபுராவில் இருபதுக்கு முப்பது சைட்டில் வீடு கட்டி முடித்தபோது, வாசலுக்கு முன்னால் ஏழடி அகலம், பதினாலடி நீளத்துக்கு மண் மிஞ்சியது. அதிலும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. கார் நிறுத்த வசதியாக இருக்கும் என்று பிரகாஷ் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே சுனிதா, "அது எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அவள் ஒரு செடி வளர்த்ததில்லை. பிறந்தது நீலசந்திராவில், ஒற்றை அறை வீட்டில். கல்யாணம் ஆகிப் போனது ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் இருந்த தகரக்கூரை வாடகை வீட்டுக்கு. ஒரு துளசித் தொட்டி வைக்கக்கூட அந்த ஓனரம்மா சம்மதிக்கவில்லை. தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டும் என்றாள்.

"உனக்கு எதுக்கு அது?" என்றான் பிரகாஷ். அவன் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவன். ரோட்டில் நிறுத்தினால் யாராவது ஒருத்தர் கீறிவிட்டுப் போவார்கள். வண்டியில் விழும் ஒவ்வொரு கீறலும் தன் தோலில் விழுந்த மாதிரி அவனுக்கு எரியும்.

"செடி வெக்கணும்."

"இன்னா செடி?"

"வெக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பி.யூ.சி. இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் விஜி, போனிலிருந்து தலையைத் தூக்காமல், "குடுத்துடுப்பா" என்றாள். பிரகாஷ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு வருஷம். செடி காஞ்சு போச்சுன்னா சிமெண்ட் போட்டுருவேன், அப்புறம் கேக்கக் கூடாது."

சுனிதா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி வளாகத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். போன கோடையில் அங்கே போர்வெல் வற்றி, புல்வெளி மொத்தமும் பழுப்பாகிவிட்டது. புல்லை உரித்துப் போட்டுவிட்டு வேறு செடிகள் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பலகை குத்தி வைத்திருந்தார்கள். தோட்ட வேலையைப் பார்ப்பவர் டேரில். ஃப்ரேசர் டவுன்காரர், எப்போதும் தலையில் ஒரு துணித் தொப்பி. டீ நேரத்தில் சுனிதா அவரிடம் போய் விசாரித்தாள்.

"எல்லாம் நேட்டிவ், சுனிதாம்மா. இந்த மண்ணுல தானா இருந்த செடி. வருஷா வருஷம் புதுசா நட வேணாம், ஒரு தடவை வெச்சா வருஷக்கணக்கா நிக்கும். மொதல் வருஷம் தண்ணி காட்டணும். அப்புறம் மழையே போதும்."

சந்தாபுராவில் அவர்கள் தெருவுக்கு டேங்கர் தண்ணீர்தான். மழையே போதும் என்று சொல்லக் கேட்டதும் அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

"அப்போ செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் வெச்சிடறேன் சார். ரெண்டும் நம்ம செடிதானே."

"நித்தியகல்யாணி மடகாஸ்கர். ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கு."

"கல்யாணின்னு பேர் வெச்சிருக்காங்களே?"

"நாமதான் வெச்சோம்."

"செம்பருத்தி?"

"அது எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு படிச்சவங்களுக்கே சரியா தெரியல. ஆனா இங்க காட்டுல தானா மொளைக்காது."

"சாமிக்குப் போடறோமே சார்!"

"போடுங்க, போடுங்க. சாமி ஒண்ணும் கேக்காது."

அவள் விடவில்லை. துலுக்க சாமந்தி மெக்சிகோவாம். காகிதப்பூ பிரேசிலாம். தெருவெங்கும் சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிற குல்மோஹர்கூட மடகாஸ்கரிலிருந்து வந்ததாம். கடைசியில் டிசம்பர் பூவைக் கேட்டாள். பேரே இங்கிலீஷில் இருக்கிறது, இது கட்டாயம் வெளியூர்தான் என்ற நினைப்பில்தான் கேட்டாள்.

"அது நம்ம செடி" என்றார் டேரில்.

சுனிதாவுக்குத் தலை சுற்றியது. "எத்தனை வருஷம் இங்க இருந்தா நம்ம செடின்னு சொல்லுவாங்க சார்? ஒரு கணக்கு இருக்கும்ல?"

டேரில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "மனுஷன் கையில தூக்கிட்டு வராம தானா இருந்திருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்க குழப்பிக்காதீங்க, நான் எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். ஐந்து பெயர்கள், ஐந்தும் வாயில் நுழையாத இங்கிலீஷ். வீட்டில் விஜி அவற்றை போனில் தேடிப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடித்தான் போனது. ஒரு வெப்சைட்டில் நல்லது என்று போட்டிருந்ததை இன்னொன்றில் பூந்தொட்டிக்கு ஆகாது என்று போட்டிருந்தார்கள். ஒரே செடிக்கு நாலு பெயர், ஒரே பெயரில் மூன்று செடி. "நீயே பார்த்துக்கோம்மா, எனக்கு ரெக்கார்ட் எழுதணும்" என்று விஜி எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனாள். கடைக்காரர் கன்னடக்காரர், ஈரக் கையோடு வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்தாரே தவிரப் படித்தாரா என்று தெரியவில்லை.

"நேட்டிவா? எல்லாம் நேட்டிவ்தான்மா. எல்லாம் இங்கயே மொளைச்சது" என்று வரிசையைக் காட்டினார். அதில் காகிதப்பூவும் இருந்தது.

"இது பிரேசில்" என்றாள் சுனிதா. சொன்னபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே நிழல்வலைக்குக் கீழே, பூ எதுவும் இல்லாமல் பச்சையாக, யாரும் திரும்பிப் பார்க்காத தொட்டிகள் இருந்தன. கனகாம்பரம் அவளுக்கே தெரிந்தது. டிசம்பர் பூவை அவர் எடுத்துத் தந்தார். ஆடாதோடையும் நன்னாரியும் சீட்டோடு பொருந்துகின்றன என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். ஐந்தாவதாகக் கறுப்புக் கவரில் இருந்த இரண்டு கன்றுகளைத் தூக்கி வைத்து, "இது லக்கி. கொசு வராது, மாடு தின்னாது" என்றார் கடைக்காரர்.

வாங்க வைப்பதற்காக அதிர்ஷ்டச் செடி என்கிறார் என்று சுனிதா நினைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள்.

ஜூன் மாதத்து முதல் மழைக்குப் பிறகு குழி தோண்டினாள். மண்ணுக்குப் பதில் ஜல்லியும், உடைந்த டைல்ஸும், காய்ந்த சிமெண்ட் கட்டியும்தான் வந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதைப் பொறுக்கிக் கொட்டுவதிலேயே போயின. பிறகு செம்மண்ணும் எருவும் போட்டு நட்டாள். கனகாம்பரம் நின்றது. டிசம்பர் பூ மெதுவாகத் தளிர்த்தது. நன்னாரி இருக்கிறதா செத்ததா என்றே தெரியாமல் தரையோடு கிடந்தது. ஆடாதோடை அகலமாக இலை விட்டது. அந்த லக்கிச் செடிகள் இரண்டு மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் வளர்ந்தன. ஆகஸ்ட் முடியும்போது காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தன. ஒவ்வொரு காம்பிலும் விரித்த கைவிரல் மாதிரி ஐந்து ஐந்தாக இலைகள்.

அந்தத் தெருவழியாகப் போகும் காலேஜ் பையன்கள் கேட்டருகே நின்று எதையோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருத்தன் செல்ஃபி எடுத்தான். தன் செடி அவ்வளவு அழகாக இருக்கிறது போலும் என்று சுனிதா சந்தோஷப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பிரகாஷ் ஏர்போர்ட் சவாரியில் இருந்தான். நடுவயதுக் கான்ஸ்டபிள் ஒருவரும் இளைஞன் ஒருவனும் இறங்கி நேராகச் செடியிடம் போனார்கள். இளைஞன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

"இது யாவ கிட அம்மா?" என்றார் மூத்தவர். என்ன செடி என்று கேட்கிறார்.

"லக்கி பிளாண்ட் சார்."

"யாருக்கு லக்கி?" என்று இளைஞன் சிரித்தான்.

டேரில் எழுதித் தந்த இங்கிலீஷ் பெயர் அடிவயிற்றில் எங்கோ இருந்தது, மேலே வரவில்லை. "நேட்டிவ் செடி சார்" என்றாள்.

அவர் தமிழுக்கு மாறினார். "நேட்டிவா? உங்க நேட்டிவ் எது?"

"நீலசந்திரா சார்."

"நீலசந்திராலேர்ந்தா இதைக் கொண்டு வந்தீங்க?"

"ஐயோ இல்ல சார். எனக்குதான் நீலசந்திரா. செடிக்கு நேட்டிவ் இங்கயே."

"இங்கயேன்னா? இந்த லேஅவுட்டா?"

"இல்ல சார்... பொதுவா... இந்த மண்ணு..."

"அம்மா, கஞ்சா வளக்கறாங்கன்னு எங்களுக்குப் போன் வந்திருக்கு. சரியா சொல்லுங்க."

அந்த வார்த்தை தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுப் பெருமாள்சாமி பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தன் கேட்டுக்கு வந்து நின்றார். ஓசூரில் ஏதோ ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், பார்த்தால் தலையசைப்பதோடு சரி. மாடிகளில் தலைகள் முளைத்தன.

விஜி ஓடி வந்து, செடியை அடையாளம் சொல்லும் ஆப்பில் படம் பிடித்தாள். முதல் படத்துக்கு அது வேறு ஏதோ ஒரு பெயர் சொல்லியது. அப்பாடா என்று இருந்தது. இளைஞன், "இன்னொரு தடவை, கிட்டத்துல" என்றான். இரண்டாவது படத்துக்குக் கஞ்சா என்று வந்தது, அறுபத்திரண்டு சதவீதம் என்று. விஜி போனைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

சுனிதா டேரிலுக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், பின்னால் பேண்ட் சத்தம்.

"இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கா, நேரா இருக்கா?" என்று கத்தினார்.

சுனிதா குனிந்து பார்த்தாள். ஒரு இலை நேராக இருந்தது. பக்கத்து இலை ரம்பம் மாதிரி இருந்தது. "ரெண்டும் இருக்கு சார்!"

"ரெண்டுமா? ஒரே செடியிலயா?" அவர் குரலில் இறங்கிய சந்தேகம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. "அப்போ... போட்டோல சொல்ல முடியாது சுனிதாம்மா, நாளைக்கு ஒரு கிளை எடுத்துட்டு வாங்க."

மூத்த கான்ஸ்டபிள் ஒரு கிளையை ஒடித்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டார். அவளுடைய ஆதார் நகலையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "பாக்கிறோம். செடியைப் பிடுங்கிப் போட்டுறாதீங்க, அப்புறம் அதுக்கும் நாங்க கேக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் போன பிறகும் அவள் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்சரிக்காரர் உண்மையிலேயே வேறு எதையாவது தந்துவிட்டாரா? பின்பக்கம் மறைவாகத்தானே வைத்திருந்தார்? கொசு வராது, மாடு தின்னாது என்றாரே, எந்தச் செடியை மாடு தின்னாது? யோசிக்க யோசிக்க, மூன்று மாதமாகத் தான் தண்ணீர் ஊற்றிய செடி யாரோ அன்னியர் மாதிரி தெரிந்தது.

பிரகாஷ் வந்து கேட்டதும் கொதித்தான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? சும்மனே இருந்த எடத்துல செடி வெச்சு, இப்போ வீட்டு வாசல்ல போலீசு! எனக்கு லைசென்ஸ், பர்மிட் எல்லாம் இருக்கு சுனி. ஒரு கேஸ் போதும், அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கிளையை ஒடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே டிபன் பாக்ஸை வைத்து மறைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். வளாகத்து கேட்டை நெருங்கும்போதுதான் உறைத்தது. அங்கே எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பார்கள். திரும்பிப் போகலாமா என்று நினைப்பதற்குள் வரிசை நகர்ந்து அவளை மேஜை முன்னால் தள்ளிவிட்டது.

பெண்கள் வரிசையில் செக்யூரிட்டி முத்தம்மா. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, சுனிதாவோடு சேர்ந்து டீ குடிப்பவள். டிபன் பாக்ஸைத் தூக்கினாள், கவரைப் பார்த்தாள், கையை விட்டுக் கிளையை வெளியே எடுத்தாள். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள்.

முத்தம்மா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தாள். "சளியா சுனிதாக்கா? ஆவி புடிக்கவா?"

"என்னது?"

"நொச்சிதானே கொண்டு வந்திருக்கே. தலைபாரமா இருக்கா?"

"இது... இது நொச்சியா?"

"பின்னே? இந்தா, மோந்து பாரு. காம்பைப் பாரு, நாலு பட்டையா இருக்கு. எங்க ஊர்ல ஏரிக்கரை பூரா இதுதான். கூடை பின்னுவாங்க, பூச்சி வராம நெல்லுக்குள்ள போடுவாங்க." அவள் கிளையைக் கவரில் திரும்ப வைத்தாள். "ஏன்க்கா அழுவுறே?"

சுனிதா அழுகிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நொச்சி என்ற பெயரை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். சளி பிடித்தால் அம்மா மார்க்கெட்டில் வாங்கி வருவாள். ஆனால் அது காய்ந்து சுருண்ட இலைக்கட்டாகத்தான் வரும். பச்சையாக, செடியில் நின்று அவள் பார்த்ததே இல்லை.

டேரிலும் இலையைத் திருப்பி, அடிப்பக்கம் வெளுப்பாக இருப்பதைக் காட்டி, சந்தேகமே இல்லை என்றார். இளங்கிளையில் சில இலைகள் ரம்பமாக வருவது உண்டாம். "நேத்து எனக்கே ஒரு நிமிஷம் பயமா போச்சு" என்று ஒத்துக்கொண்டார். செடியின் பெயரைத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு சுனிதா ஸ்டேஷனுக்குப் போனாள். பிரகாஷும் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. உள்ளே பெண் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். சுனிதா விவரம் சொல்லி டேரிலின் காகிதத்தை நீட்ட, அவர் அதைப் படிக்கவே இல்லை.

"ஓ, அந்த லக்கி சொப்பு, அந்த இலைதானே?" என்றார். "நேத்தே பார்த்துட்டோமே. நம்ம பக்கம் பாணந்திக்கு, அதான்மா, பிள்ளை பெத்தவளுக்கு, இதைப் போட்டுத்தான் தண்ணி காய்ச்சுவோம். கசக்கினதுமே சொல்லிட்டேன்."

"நேத்தேவா மேடம்?"

"ஜீப் வந்து அஞ்சு நிமிஷத்துல. உங்களுக்குச் சொல்லலியா?" அவர் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். யாரும் வரவில்லை. "சொல்லியிருக்கணும். மறந்திருப்பாங்க. நீங்க போங்க, ஒண்ணும் இல்ல."

சுனிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. லக்கி. அதிர்ஷ்டமும் இல்லை, ஒன்றும் இல்லை, கன்னடத்தில் அதன் பெயரே அதுதான். நர்சரிக்காரர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். தான் பிறந்து வளர்ந்த ஊரின் பாஷை, நாள் முழுக்கப் பேசுகிற பாஷை, அதில் இந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படித் தன் காதில் விழாமல் போனது?

"யாரு மேடம் கம்ப்ளெய்ன்ட் குடுத்தது?" என்று பிரகாஷ் கேட்டான்.

"அது சொல்லக் கூடாது சார்."

வெளியே வந்து காரில் ஏறியதும் சுனிதா தானாகவே சொன்னாள். "பிடுங்கிடலாங்க. நாளைக்கு வேற யாராவது போன் பண்ணுவாங்க. நீங்க சிமெண்ட் போட்டுக்கோங்க."

பிரகாஷ் வண்டியைக் கிளப்பவில்லை. "எதுக்குப் பிடுங்கணும்?"

"நீங்கதானே நேத்து..."

"நேத்து அது கஞ்சான்னு நெனச்சேன். இப்போ மருந்துச் செடின்னு போலீசே சொல்லிட்டாங்க. எவனோ போன் பண்ணான்னு நாம பிடுங்கினா, நாம தப்பு பண்ணின மாதிரி ஆயிராதா? இருக்கட்டும் அது அங்கயே. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். மூன்று மாதமாக அந்த இடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன் இவன்தானா என்று இருந்தது. செடிமேல் பிரியம் வந்துவிட்டதா, தெருமேல் வந்த கோபமா? கேட்டால் தனக்கே தெரியாது என்பான்.

அந்த வாரமே அவன் இரண்டு வீடு தள்ளியிருந்த காலி சைட்டுக்காரரிடம் பேசி அங்கே காரை நிறுத்த ஏற்பாடு செய்துகொண்டான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தால், கேட்காமலேயே, "நொச்சிங்க, நொச்சி. கன்னடத்துல லக்கி" என்று சத்தமாகச் சொன்னான்.

யார் போன் செய்தது என்பது மட்டும் தெரியவில்லை. சிரித்துவிட்டுப் போன பையன்களாக இருக்கலாம். மாடிவீட்டுக்காரர்களாக இருக்கலாம். சுனிதாவின் மனசு என்னவோ எதிர்வீட்டிலேயே போய் நின்றது. பெருமாள்சாமி தலையசைத்தால் அவள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அக்டோபரில் விடாத மழை. நொச்சிக் கிளை நுனிகளில் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் பூ வந்தது. தேனீக்கள் காலையிலேயே வந்துவிட்டன. சுனிதா மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். பெருமாள்சாமி. கழுத்தில் மஃப்ளர், மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, ஒரு கொத்து கெடைக்குமா? ஆவி புடிக்க. நாலு நாளா மூச்சே விட முடியல."

அவள் மண் ஒட்டிய கையோடு எழுந்தாள். இந்த ஆள் இவ்வளவு நாள் இந்தச் செடியை நொச்சி என்று தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தாரா? அப்படித் தெரிந்தவர் போன் செய்திருக்க மாட்டார். இல்லை, போலீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாரா? அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஏன் வாய் திறக்காமல் நின்றார்?

"அன்னிக்குப் போலீஸ் வந்தப்போ உங்களுக்குத் தெரியுமா சார், இது நொச்சின்னு?"

அவர் மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "தெரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு, தெரியாத மாதிரியும் இருந்துச்சும்மா. அந்த வார்த்தையைச் சொன்னாங்களா, எனக்கே அது வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுடுச்சு."

அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கும் அப்படியேதான் இருந்தது. அவர் முகத்தில் வேறு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். சளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நல்ல கொத்தாகப் பார்த்து ஒடித்து, பூவை மட்டும் தேனீக்களுக்கு விட்டுவிட்டு, இலையை அவரிடம் கொடுத்தாள்.

"கொதிச்சப்புறம் போடுங்க சார். முன்னாடியே போட்டா வாசம் போயிடும்" என்றாள். அது சரிதானா என்பதும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.